முதலிடம்: ப. நாகஜோதி

டிபன் கேரியர் இல்ல சார், ப்ரொஜெக்டர். மடியிலயே இருக்கட்டும். மேல வச்சோம்னா, இந்த பஸ் குலுங்கற குலுக்கலுக்கு திண்டுக்கல் போறதுக்குள்ள லென்ஸ் தனியா கழண்டுரும். நீங்க நல்லா உக்காருங்க, எனக்கு எடம் இருக்கு. லேப்டாப் பை கால்ல இடிக்குதா? இந்தப் பக்கம் தள்ளி வச்சுக்கறேன்.

முன்னாடி மூணாவது சீட்டு பாருங்க. பச்சைச் சேலை, நரைச்ச கொண்டை. பக்கத்துல யூனிஃபார்ம் போட்ட ஒரு பொண்ணு, ரெட்டைச் சடை. தெரியுதா? அந்தப் பச்சைச் சேலைதான் அமலோற்பவம் டீச்சர். எங்க ஹைஸ்கூல்ல சோஷியல். இன்னிக்கு திண்டுக்கல்ல மாவட்டக் கூட்டம் சார். இன்டர்நெட்ட வச்சு யாரு நல்லா பாடம் நடத்தறாங்க, எதை வச்சு நடத்தறாங்கன்னு ஸ்கூலுக்கு ஒருத்தர் மேடையில ஏறி வெளக்கணும். எங்க ஸ்கூல்ல இருந்து யாரு? அவங்க. நான் எதுக்கு வர்றேன்? ப்ளக் சொருக.

பொறாமைன்னு நினைச்சுராதீங்க. நான் அந்த மாதிரி ஆளு இல்ல. என் பேரு பொன்னுரங்கம், சயின்ஸ் எடுக்கறேன், பத்தாங்கிளாஸ் பி செக்‌ஷனுக்கு வகுப்பாசிரியர். கம்ப்யூட்டர் லேபுக்கும் நான்தான் பொறுப்பு. எட்டு வருஷமா எங்க ஸ்கூல்ல ஒரு பிரிண்டர் மக்கர் பண்ணுனா பொன்னுரங்கம், ஒரு பாஸ்வேர்டு மறந்தா பொன்னுரங்கம், ஹெச்.எம். போன்ல எழுத்து சின்னதாப் போச்சுன்னாகூட பொன்னுரங்கம். அப்படி இருந்தவன் சார் நான்.

இந்த வருஷம் ஜூன்ல ஹெச்.எம். ஒரு மீட்டிங் போட்டாரு. ஆளுக்கு ஒரு ஆன்லைன் கருவி எடுத்துக்கங்க, ஒரு டேர்ம் கிளாஸ்ல நடத்திப் பாருங்க, எது நல்லா வருதோ அதை ஸ்கூல் முழுக்க வச்சுக்குவோம்னாரு. நான் ஒரு மாசம் தேடி ஒண்ணு எடுத்தேன். மனுச இதயம் சார், திரையில அப்படியே சுத்தும். தொட்டா தொறக்கும், உள்ள நாலு அறையும் தெரியும், ரத்தம் எந்தப் பக்கம் போகுது வருதுன்னு ஓடும். அந்த மாதிரி ஒரு சாதனம் இந்த வட்டாரத்துல ஒரு ஸ்கூல்லயும் கெடையாது.

ஒரே ஒரு சின்னச் சிக்கல். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி லாகின், பன்னெண்டு எழுத்துல பாஸ்வேர்டு. நாப்பது நிமிஷப் பீரியட்ல எல்லாரும் உள்ள வர்றதுக்கு முப்பது நிமிஷம் ஆயிரும். எங்க லேப் நெட்டும் அப்படித்தான். இதயம் சுத்த ஆரம்பிக்கும், பெல் அடிச்சுரும். அது பெல்லோட தப்பு. கருவியோட தப்பா?

இந்த அம்மா அப்பத்தான் எங்க ஸ்கூலுக்கு மாத்தலாகி வந்தாங்க. ரிட்டயர்டு ஆக மூணு வருஷம் இருக்கு. போன்ல ஒரு விரலால, கோழி கொத்தற மாதிரி டைப் அடிப்பாங்க. "தம்பி, எனக்கு இதெல்லாம் பழக்கமில்லப்பா. என் மண்டைக்கு ஏறற மாதிரி ஒண்ணு சொல்லேன்"னு வந்து நின்னாங்க. பாவமா இருந்துச்சு. நான்தான் சார் எடுத்துக் குடுத்தேன். இருக்கறதுலயே லேசானது எதுன்னு பாத்து, ஒரு குவிஸ் ஆப். இதாவது இவங்களுக்கு வரட்டும்னு. மூணு நாள் உக்காந்து சொல்லிக் குடுத்தேன். எங்க தொடணும், எங்க கேள்வி ஏத்தணும், எல்லாம்.

பெரிய விஷயமெல்லாம் இல்ல அது. புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு ஆறு இலக்க நம்பரை வாட்ஸப் குரூப்புல போடுவாங்க. பிள்ளைக வீட்டுல இருக்கற போன்ல அந்த நம்பரப் போட்டு, தன் பேரப் போட்டு உள்ள வரணும். கேள்வி வரும், கீழ நாலு பதில், இருபது செகண்டு. யாரு சரியா, வேகமா அழுத்தறாங்களோ அவங்க மேல ஏறுவாங்க. கடைசியில பேர் லிஸ்ட் வரும். அவ்வளவுதான். அதுல என்ன இருக்கு சொல்லுங்க?

ஆனா பாருங்க, பிள்ளைகளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. புதன்கிழமை ஆறே முக்காலுக்கு கெணத்து மேட்டுல சிக்னல் கெடைக்கும்னு பத்துப் பிள்ளைக ஏறி உக்காந்திருக்கு. வியாழக்கிழமை காலையில ப்ரேயர் முடிஞ்சதும் இந்தம்மா லிஸ்ட்ட வாசிப்பாங்க. முதல்ல வந்த பிள்ளைக்கு மட்டும்னு இல்ல. "முப்பத்தி நாலாவது மகாலிங்கம். போன வாரம் ரெண்டு சரி, இந்த வாரம் அஞ்சு. கை தட்டுங்கப்பா!" கடைசி ஆளுக்குக் கைதட்டு சார். எங்க காலத்துல கடைசி ஆளு பெஞ்சு மேல நிப்பான்.

என் கிளாஸ்ல நான் இதயத்தச் சுத்த விட்டுட்டு நிக்கறேன், ஒரு பிள்ளை கையத் தூக்குது. சந்தேகம்னு நினைச்சேன். "சார், நமக்கு எப்ப சார் குவிஸ்?"

எரிஞ்சிருச்சு சார். வயிறு எரியறதுன்னு சொல்றாங்களே, அது நெஜமாவே வயித்துலதான் எரியுது, தொப்புளுக்கு மேல.

அதுலயும் இந்தம்மா என்ன பண்ணுவாங்க தெரியுமா? யாராவது பாராட்டுனா, "எல்லாம் பொன்னுரங்கம் தம்பி சொல்லிக் குடுத்தது"ம்பாங்க. ஹெச்.எம். முன்னாடி சொல்லுவாங்க, பெத்தவங்க கூட்டத்துல சொல்லுவாங்க. கேக்கறவங்க என்ன நினைப்பாங்க? "ஆஹா, எவ்வளவு தன்னடக்கம்!"னு மறுபடி அவங்களத்தான் பாராட்டுவாங்க. என் பேரச் சொல்லியே அவங்க பேர் வாங்கறாங்க. அதுக்கு என்னைத் திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருப்பேன்.

சரி, அந்த ஆப்புல ஒரு ஓட்டை இருக்கு. எனக்குத் தெரியும். உள்ள வர பாஸ்வேர்டு கெடையாது. யாரு வேணா, எந்தப் பேர வேணா போட்டு வரலாம். பாதுகாப்பு இல்லாத கருவிய ஸ்கூல் முழுக்க வைக்கலாமா? லேப் பொறுப்பாளர்ங்கற முறையில அதைச் சோதிச்சுப் பாக்க வேண்டியது என் கடமை. கடமைன்னுதான் ஒரு புதன்கிழமை ஏழு மணிக்கு நானும் அந்த நம்பரப் போட்டேன். பேரக் கேட்டுச்சு. வெளையாடற பிள்ளை பேரப் போட்டா அதோட பேரு ரெண்டு தடவ வரும், கண்டுபிடிச்சுருவாங்க. வெளையாடாத பேரு வேணும். மேசையில என் கிளாஸ் அட்டெண்டன்ஸ் கெடந்துச்சு. நாகஜோதின்னு ஒரு பிள்ளை, ப. நாகஜோதி, ஜூலையில இருந்து வரல. அவங்கப்பா பழனியாண்டி முருங்கைக்காய் பறிக்கற கூலி. இவளையும் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. நின்னுபோன பிள்ளைதானே, யாருக்கு என்ன நஷ்டம்னு அந்தப் பேரப் போட்டேன்.

அப்படி நின்னுபோன பிள்ளைக வீட்டுக்கு வகுப்பாசிரியர் மூணு தடவ நேர்ல போய்க் கூப்பிடணும், தேதி போட்டு எழுதி வைக்கணும்னு ஒரு ரெக்கார்டு உண்டு. நானும் எழுதியிருக்கேன். மூணு தேதி. மூணு தடவையும் வீடு பூட்டியிருந்துச்சு. பூட்டுன வீட்டுல யாரக் கூப்பிட முடியும், சொல்லுங்க.

எங்க விட்டேன்? ஆங், குவிஸ். முதலிடம்: ப. நாகஜோதி. பத்தாங்கிளாஸ் சோஷியல் சார், எம்.எஸ்ஸி. படிச்சவனுக்கு இது ஒரு விஷயமா?

மறுநாள் ஸ்டாஃப் ரூம்ல வந்து, இதான் ஓட்டைன்னு சொல்லலாம்னு வாயத் தொறக்கறேன். இந்தம்மா கண்ணுல தண்ணியோட நிக்கறாங்க. "தம்பி! உங்க கிளாஸ் நாகஜோதி! காட்டுல காய் பறிச்சுட்டு வந்து, எங்கயோ யார் போனையோ வாங்கி வெளையாடியிருக்குப்பா அந்தப் புள்ள. முதல்ல வந்திருக்குப்பா!" கையப் புடிச்சுக்கிட்டாங்க. அந்த நேரத்துல என்னத்தச் சொல்றது? வாய மூடிக்கிட்டேன்.

அடுத்த புதன்கிழமை நான் ஏன் மறுபடி போனேன்னு கேப்பீங்க. ஒரு தடவ சோதிச்சா போதுமா? ரெண்டு மூணு தடவ பாத்தாத்தான உறுதியாகும். ஆறு வாரம் சார். ஆறு வாரமும் முதலிடம். மூணாவது வாரம் கேள்வி கொஞ்சம் கஷ்டமா வந்துச்சு, அதனால சோஷியல் புஸ்தகம் ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டேன். என் வீட்டுக்காரி, "எந்தப் பரீட்சைக்குப் படிக்கறீங்க?"ங்கறா. ப்ரேயர் முடிஞ்சு இந்தம்மா மைக்குல, "முதலிடம், ப. நாகஜோதி, இருபதுக்கு இருபது"ம்பாங்க. நானூறு பிள்ளைக கை தட்டும். நான் பின்னாடி கையக் கட்டிக்கிட்டு நிப்பேன். பொய் சொல்லக்கூடாது சார், நல்லாத்தான் இருந்துச்சு. எட்டு வருஷத்துல எனக்கு யாரும் அப்படிக் கை தட்டுனதில்ல.

அஞ்சாவது வாரம் மட்டும் ஒரு தப்பு. மாநிலங்களவை உறுப்பினர் பதவிக்காலம் எத்தனை வருஷம்? ஆறு. நான் அவசரத்துல அஞ்சு அழுத்திட்டேன். அந்த ராத்திரி சரியாவே தூங்கல.

ஆறாவது வாரம் முடிஞ்ச சனிக்கிழமை இந்தம்மா என்ன பண்ணிட்டாங்க, ஆறு வார லிஸ்ட்டையும், நாகஜோதி பேர்ல அழுத்துன கேள்வி பதிலோட பிரிண்ட் எடுத்துக்கிட்டு அந்தப் புள்ள வீட்டுக்கே நடந்து போயிட்டாங்க. அந்தப் பிரிண்டும் நான் எடுத்துக் குடுத்ததுதான். எதுக்குன்னு சொல்லல, நானும் கேக்கல. மூணு கிலோமீட்டர், செருப்பு வேற அறுந்துபோச்சாம். வீட்டுல அப்பனும் மகளும் இருந்திருக்காங்க. பேப்பரக் காட்டியிருக்காங்க. பழனியாண்டிக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், ஆனா மக பேரு தெரியாதா? ஆறு பேப்பர்லயும் மேல மக பேரு. "உனக்குப் போன் ஏது?"ன்னு கேட்டிருக்காரு.

அந்தப் புள்ள பேப்பரையே பாத்துக்கிட்டு இருந்துச்சாம். அப்புறம், "பக்கத்து வீட்டு அக்கா போன்ல வெளையாடுனேன்பா"ன்னுச்சாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு சார், கேட்டதும். ஏன் அப்படிச் சொன்னா? சின்னப் புள்ள, பயந்து போயிருக்கும்னு விட்டுட்டேன். திங்கக்கிழமை காலையில பழனியாண்டியே சைக்கிள்ல கொண்டாந்து எறக்கி விட்டாரு. ஸ்கூல் கேட்டுக்கிட்ட நின்னு இந்தம்மாவப் பாத்து கும்பிடறாரு. "காட்டு வேலைக்கு நடுவுலயும் முதல்ல வந்திருக்கு. இதக் கொண்டுபோயி காய் பறிக்க விட்டேனே, தாயி. ஒண்ணு மட்டும் சொல்றேன், பொய்யும் பித்தலாட்டமும் பண்ணிப் பேர் வாங்குச்சுன்னா திரும்பக் கூட்டிட்டுப் போயிருவேன். இது நெசமா வாங்குனது, அதனால விடறேன்"னாரு. நான் ரெண்டடி தள்ளி நிக்கறேன் சார். என்னை ஒரு மனுசன் பாக்கல.

யோசிச்சுப் பாருங்க. அந்தப் புள்ள ஸ்கூலுக்குத் திரும்ப வந்தது யாரால? வெளையாடுனது யாரு? ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு சோஷியல் படிச்சது யாரு? நான். மாலை யாருக்கு? அவங்களுக்கு. செஞ்சது நான்னு வெளிய சொல்லவும் முடியாது. இந்த மாதிரி ஒரு அநியாயம் யாருக்காவது நடந்திருக்கா?

அதுக்கப்புறம் நான் வெளையாட முடியல. பேரு அவகிட்டப் போயிருச்சே. அந்தப் புதன்கிழமை நெஜ நாகஜோதி வெளையாடுனா. முப்பத்தி ஒண்ணாவது வந்தா. எனக்குள்ள ஒரு சந்தோஷம், சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. மாட்டுனாங்க ரெண்டு பேரும்னு நினைச்சேன். இந்தம்மா மைக்குல, "நாகஜோதிக்கு இப்பத்தான் ஸ்கூல் பழகுது, கை தட்டுங்கப்பா"ன்னு முடிச்சுட்டாங்க. முடிஞ்சுது.

ஆனா அந்தப் புள்ள விடல. அந்த ஆறு பேப்பரையும் வாங்கி வச்சுக்கிட்டு, ஒவ்வொரு கேள்வியா உக்காந்து படிக்கறா. இருபதாவது வந்தா, பதினாலாவது வந்தா, போன வாரம் நாலாவது. ஒரு நாள் என்கிட்ட வந்து, "சார், மாநிலங்களவை உறுப்பினருக்கு ஆறு வருஷம்தான? அஞ்சாவது வாரம் நான் ஏன் சார் அஞ்சுன்னு அழுத்தியிருக்கேன்?"னு கேட்டா. அவசரமா இருந்திருக்கும்மான்னேன். சோஷியல் சந்தேகத்த சயின்ஸ் வாத்தியார்கிட்ட எதுக்குக் கேக்கறான்னு தெரியல.

இன்னிக்கு மேடையில டீச்சர் பேசி முடிச்சதும் அந்தப் புள்ளயும் ரெண்டு வார்த்தை பேசணும். ஹெச்.எம். எழுதிக் குடுத்திருக்காரு. பழனியாண்டியும் வர்றாராம், அடுத்த பஸ்ல.

சரி, உங்ககிட்ட சொல்றதுல என்ன. அடுத்த ஸ்டாப்புல எறங்கிப் போற ஆளு நீங்க. இந்த லேப்டாப்புல அவங்க பேசறதுக்கான படம் இருக்கு, பதினாறு பக்கம். செஞ்சது நான்தான். அதுக்குப் பின்னாடி பதினேழாவதா ஒண்ணு சேத்திருக்கேன். அந்த ஆறு வாரமும் என் போன்ல எடுத்து வச்ச படம். மேல ஓரத்துல என் போன்ல நான் பதிஞ்சு வச்ச என் பேரு, கீழ வெளையாட்டுல நாகஜோதி பேரு. "இந்தக் கருவியில் யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் நுழையலாம்"னு கீழ ஒரு வரி. அவ்வளவுதான். யாரையும் குத்தம் சொல்லல. பட்டனை அழுத்தப் போறது நான். கை தவறி ஒரு தடவ கூட அழுத்திட்டேன்னு வைங்க, யாரு கேப்பா? எல்லாருக்கும் தெரியட்டும், அந்த முதலிடம் யாருதுன்னு. அப்புறம் நானும்...

இருங்க, இருங்க. அந்தப் புள்ள எந்திரிச்சு வருது.

பாத்து வாம்மா, கம்பியப் புடி. என்ன? பேப்பரா? குடு.

...

சரி. நீ போயி உக்காரு. நான் பாத்துத் தர்றேன். போம்மா, பஸ் திரும்புது.

உங்களுக்குக் கேட்டுச்சா சார், அவ சொன்னது? கேக்கலையா. இந்தாங்க, இந்தப் பேப்பரப் படிங்க, ஹெச்.எம். எழுதுனது. நடுவுல பாருங்க. "என் வகுப்பாசிரியர் திரு. பொன்னுரங்கம் அவர்கள் மூன்று முறை என் வீடு தேடி வந்தார். வீடு பூட்டியிருந்ததால் என்னைச் சந்திக்க இயலவில்லை." அந்த ரெக்கார்டப் பாத்து எழுதியிருக்காரு மனுசன். எனக்கும் ஒரு பேரு இருக்கட்டும்னு நல்லெண்ணத்துல எழுதியிருப்பாரு.

அந்த வரியில விரல வச்சுக்கிட்டு, குனிஞ்சு என் காதுல சொல்றா. "சார், எங்க வீட்டுக்குப் பூட்டு கெடையாது. கதவே கெடையாது சார், சாக்குதான் தொங்கும்."

அவளே சொல்றா, "பரவால்ல சார். இதையும் நானே சொல்லிக்கறேன். இந்த எடத்துல நிறுத்திப் படிக்கணுமா, சேத்துப் படிக்கணுமா, அதக் கேக்கத்தான் வந்தேன்."

இதையும்னா? அப்ப முதல்ல ஒண்ணு சொன்னாளே, பக்கத்து வீட்டு அக்கா போனு. அது யாரக் காப்பாத்துன பொய்யுன்னும் தெரிஞ்சிருக்கு சார் அவளுக்கு. மாநிலங்களவைன்னு என்கிட்ட வந்து நின்னாளே, சயின்ஸ் வாத்தியார் மேசையில சோஷியல் புஸ்தகம் கெடந்ததப் பாத்திருப்பா, தெரிஞ்சுதான் வந்து நின்னிருக்கா. நான் அவசரமா இருந்திருக்கும்மான்னு சொல்றேன், அவ தலைய ஆட்டிக்கிட்டுப் போறா. இத்தனை நாளும் என் கிளாஸ்ல ரெண்டாவது பெஞ்சுல உக்காந்து, ஒரு வார்த்தை சொல்லாம, என் முகத்தப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா.

மூணு கிலோமீட்டர்தான் சார். என்கிட்ட வண்டி இருக்கு. பத்து நிமிஷம் ஆகாது.

அங்க பாருங்க, டீச்சர் திரும்பிப் பாத்துச் சிரிக்கறாங்க. "தம்பிக்கு எடம் கெடைச்சுதா"ன்னு கையக் காட்டிக் கேக்கறாங்க. கெடைச்சிருச்சு டீச்சர், கெடைச்சிருச்சு! இன்னிக்கும் மேடையில என் பேரத்தான் முதல்ல சொல்லுவாங்க, பாருங்க. இப்பவும் எரியுது சார். நின்னபாடில்ல. ஆனா இப்ப எரியறது அவங்களப் பாத்து மட்டும் இல்ல.

இந்த ப்ரொஜெக்டரக் கொஞ்சம் உங்க மடியில வச்சுக்கங்களேன். லேப்டாப்ப எடுக்கணும். பதினேழாவது பக்கத்த அழிக்கணும், அதுக்கு ஒரு நொடி போதும். ஆனா இந்தப் பேப்பர்ல இருக்கற வரிய எப்படி அழிக்கறது? அவ அதப் படிக்கக் கூடாது சார். எனக்காக அவ இன்னொரு தடவ பொய் சொல்லக் கூடாது.

ஒரு பேனா இருக்குமா உங்ககிட்ட? ரெண்டு பை நெறைய வயரும் மெஷினுமா தூக்கிட்டு வந்திருக்கேன், ஒரு பேனா எடுத்துட்டு வரல.